மேற்கே சாய்ந்த தட்டு

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரில் சுபாஷின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் வாசலில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு மனு எழுதுகிறவர் செந்தமிழ்ச்செல்வி. பெயரைக் கேட்டு அடுக்குமொழியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். சொல்கிறவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அந்த ஒரு வார்த்தைய இன்னொரு தரம் சொல்லுங்க" என்பார். பாதிப் பேருடைய வழக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே படுத்துவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வேகமாக வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு புகார் எழுதணும்க்கா. எம் பேரு கிரேஸ். கச்சிராயபாளையம் பக்கம். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற மிஷின் வெச்சிருக்கோம். எங்ககிட்ட வேல செஞ்ச ரங்கம்மாள்னு ஒருத்தி பூட்டுன ஷெட்டுக்குள்ள பூந்து மிஷின நிறுத்தி நிறுத்தி வெக்கிறா. அத எழுதிக் குடுங்க, நான் போய்க்கினே இருக்கேன்."

'பூட்டுன ஷெட்டு' என்ற சொல் காதில் விழுந்ததுமே சுபாஷ் ஜெராக்ஸ் மிஷினை அணைத்துவிட்டு வெளியே வந்தான். முப்பது வயது, ஒரு குழந்தைக்குத் தகப்பன். ஆனால் மர்மம் என்று எதையாவது கேட்டுவிட்டால் கல்லாவைத் திறந்து போட்டுவிட்டே வந்துவிடுவான்.

"கள்ளச்சாவிக்கா. சந்தேகமே இல்ல" என்றான்.

"நீ இன்னும் கதையையே கேக்கலியேப்பா" என்ற செல்வி, வெள்ளைத்தாளில் 'அனுப்புநர்: கிரேஸ்' என்று எழுதினார். 'பெறுநர்' என்று எழுதியதும் பேனாவை மூடிவிட்டார். "மொதல்லேருந்து சொல்லும்மா."

கிரேஸ் சொன்னாள். கல்வராயன் மலைமேல் இருக்கும் ஊர்களிலிருந்து பெண்கள் முட்டை கொண்டுவந்து தருவார்கள். மிஷினில் இருபத்தொரு நாள் வைத்துப் பொரித்து, பாதிக் குஞ்சை அவர்களுக்கே திருப்பித் தந்துவிடுவாள். முட்டை அடுக்கிய தட்டுகளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்க வேண்டும். சாய்க்காவிட்டால் உள்ளே இருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். ஆறு வருடமாக ரங்கம்மாள்தான் ராப்பகல் பாராமல் நெம்புகோலைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் கிரேஸின் நாத்தனார் டயானா அதற்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். உளுந்தூர்பேட்டையில் தங்கிக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள். அவள் எழுதிய முதல் புரோகிராம் அதுதான். நேரம் வந்தால் கம்ப்யூட்டர் மோட்டாரை ஓட்டும், மோட்டார் தட்டைச் சாய்க்கும். மனிதக் கை வேண்டியதில்லை.

"அதுலேருந்து ரங்கம்மாளுக்கு வயித்தெரிச்சல். அஞ்சாம் நாளே வந்து, 'தட்டு நின்ன எடத்துலயே நிக்குது, நான் கையால திருப்பட்டுமா'ன்னா. கைய வெக்காதன்னு சத்தம் போட்டேன். ஆனா மனசு கேக்கல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி, சாப்ட்டுட்டு, மூணு மணிக்கு நானே போயி நின்னேன். டாண்ணு திரும்பிச்சிக்கா! எங் கண்ணால பாத்தேன். அப்ப அவ சொன்னது பொய்தான?"

"அப்பறம்?"

"அறுநூறு முட்டையில தொண்ணூத்தி நாலுதான் பொரிஞ்சிது. மீதிய ஒடச்சிப் பாத்தா எல்லாம் ஓட்டோட ஒட்டிக்கினு கெடக்குது. கால்நடை டாக்டரு, தட்டு சரியா திரும்பலன்னு சொல்லிட்டாரு. நான் வேலைக்குப் போனப்பறம் இவதான் சுச்ச அமத்தியிருக்கணும். தெருக்கொழாயண்ட நிறுத்தி, எல்லாருக்கும் முன்னாடியே கேட்டேன். கோழித் திருடின்னும் சொல்லிட்டேன், ஆத்திரத்துல. அன்னியோட நின்னுட்டா. ஆறு நாளாவுது."

"நின்னுட்டாங்கன்னா அப்பறம் எதுக்கு புகாரு?"

கிரேஸ் குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துக் கொல்லை கொளஞ்சியப்பன் அண்ணன், கரும்புக்குத் தண்ணி பாய்ச்ச விடியக்கால மூணு மணிக்கு எழுந்திருப்பாரு. அந்நேரத்துல எங்க ஷெட்டுக்குள்ள சத்தம் கேக்குதுங்கறாரு. தெனமும். பூட்டு பூட்டுனபடியே கெடக்குது. ரங்கம்மாள்கிட்ட இருந்த சாவிய வாங்கிட்டேன், சாவி எங்கிட்ட மட்டுந்தான். இப்ப அடுத்த ஈடு ஐநூத்தி எம்பது முட்டை வெச்சிருக்கேன். இன்னிக்கி அஞ்சாம் நாளு. இதுவும் போச்சின்னா மலையிலேருந்து ஒருத்தியும் எனக்கு முட்ட தரமாட்டா."

"கள்ளச்சாவி" என்றான் சுபாஷ் மறுபடியும், இம்முறை இன்னும் உறுதியாக.

செல்வி அவனைக் கவனிக்கவில்லை. "தட்டு திரும்புதா இல்லியான்னு தெனம் நீ எப்பிடிப் பாப்ப?"

"வேலைக்குப் பொறப்படறப்ப ஏழு மணிக்கு ஒரு பார்வ. சாயந்திரம் ஜெபத்துக்கு முன்னாடி ஏழு மணிக்கு ஒரு பார்வ. அதுல ஒரு தப்பும் சொல்ல முடியாதுக்கா. காலையில போனா மேக்கால சாஞ்சிருக்கும், சாயந்திரம் போனா கெழக்கால சாஞ்சிருக்கும். ஒரு நாளும் மாறுனதில்ல. இன்னிக்கிக் காலையிலயும் மேக்காலதான்."

"ஒரு நாளும் மாறுனதில்லன்னு சொன்னியே, அத இன்னொரு தரம் சொல்லு."

"ஒரு நாளும் மாறுனதில்ல" என்றாள் கிரேஸ். அதில் என்ன விசேஷம் என்று அவளுக்குப் புரியவில்லை. சுபாஷுக்கும் புரியவில்லை, ஆனால் புரிந்ததுபோலத் தலையாட்டினான்.

செல்வி பாதி எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒருத்தர் பேர ஸ்டேஷன்ல குடுக்கறது சின்ன விஷயமில்லம்மா. எழுதினா எழுதினதுதான், அப்பறம் அழிக்க முடியாது. நாளைக்கி சனிக்கெழம, ஆபீசு லீவு. நான் நேர்ல வந்து பாத்துட்டு எழுதறேன். உன் நாத்தனாரையும் வரச் சொல்லு."

மறுநாள் காலை பஸ்ஸில் சுபாஷின் வாய் மூடவில்லை. கள்ளச்சாவி, கூரை வழி, மரநாய், கடைசியில் கொளஞ்சியப்பனே குற்றவாளி என்று இறங்குவதற்குள் நான்கு பேரைக் கைது செய்து மூன்று பேரை விடுதலையும் செய்துவிட்டான். தூரத்தில் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது. செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தார்.

"இன்னாக்கா எண்றீங்க?"

"ஒம்போது, பன்னெண்டு, மூணு, ஆறு" என்றார் செல்வி. சுபாஷின் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

ஷெட் சிறியதுதான். ஒரே கதவு. அதில் கைப்பிடி அளவு பூட்டு. ஜன்னலுக்குக் கம்பி. சுபாஷ் கூரைத் தகரத்தைத் தட்டிப் பார்த்தான். சுவர் ஓரத்தில் மண்டியிட்டுக் காலடித் தடம் தேடினான். கிடைத்ததெல்லாம் கோழித் தடம். கொளஞ்சியப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அவனை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"அண்ணே, அந்த சத்தம் எப்பிடிண்ணே இருக்கும்?" என்று கேட்டார் செல்வி.

"கிர்ர்ருன்னு கேக்கும்மா. கொஞ்ச நேரந்தான். அப்பறம் கப்சிப்."

"மூணு மணின்னு எப்பிடித் தெரியும்?"

"இந்த மாசம் எங்களுக்கு மோட்டார் கரண்ட்டு அப்பத்தான வுடறான். கரண்ட்டு வந்துச்சின்னா மூணு. அதே நேரத்துக்கு இதுவும் கத்தும். ஒரு நாளு முன்ன பின்ன ஆனது கெடையாது. ரங்கம்மா மேல பழி சொல்றதுக்கு நான் இத சொல்லலம்மா. கேட்டத சொன்னேன், அது இப்பிடிப் போயிடுச்சி." அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

உள்ளே, பீரோ உயரத்துக்கு இன்குபேட்டர் நின்றது. கண்ணாடி வழியே தட்டுகள் தெரிந்தன. எல்லாம் மேற்கே சாய்ந்திருந்தன. பக்கத்து மேசையில் பழைய கம்ப்யூட்டர். அதன் முன்னால் இருபத்திரண்டு வயது டயானா நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திரையில் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டம். அதில் 'தட்டு திருப்பும் நேரம் 03:00' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு பூப்படம்.

"புரோகிராம்ல ஒண்ணும் தப்பில்லங்க. பத்து தரம் பாத்துட்டேன். டைமர் நிமிஷத்துக்கு நிமிஷம் மணி பாக்குது, நேரம் வந்தா மோட்டார ஓட்டுது" என்றாள் டயானா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"ஆமாக்கா, அவ சரியாத்தான் வெச்சிருக்கா. மூணு மணி நேரம்னு போட்டிருக்குது பாருங்க" என்று கிரேஸ் திரையைக் காட்டினாள்.

செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது. "இப்ப யாரும் எதையும் தொடாதீங்க. சுபாஷு, கதவ சாத்திட்டு வா. இன்னும் பத்து நிமிஷம் சும்மா தட்டையே பாத்துக்கினு இருப்போம்."

நால்வரும் நின்றார்கள். உள்ளே முட்டைகளுக்கான சூடு, வெளியே மனிதர்களுக்கும் கிடைத்தது. சுபாஷின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பன்னிரண்டு அடித்தது. தட்டு அசையவில்லை. பன்னிரண்டு ஒன்று. பன்னிரண்டு மூன்று. கிரேஸின் முகம் வெளிறியது.

"ஏன் திரும்பல?" என்றாள். "பன்னெண்டு மணிக்குத் திரும்பணுமே! யாரு அமத்துனது?"

"நாம நாலு பேருதான் இருக்கோம். ரங்கம்மாள் இங்க இல்ல" என்றார் செல்வி.

"கள்ளச்சாவி..." என்று ஆரம்பித்த சுபாஷ், தான் சாத்திய கதவைத் தானே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

டயானா ஒன்றும் புரியாமல் அண்ணியைப் பார்த்தாள். "பன்னெண்டு மணிக்கு ஏன் அண்ணி திரும்பணும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் செல்வி காத்திருந்ததுபோல் இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிரேஸு, நீ நேத்து சொன்னதுலயே பாதி விஷயம் இருந்துச்சி. காலையில ஏழு மணிக்கு மேக்கால, சாயந்திரம் ஏழு மணிக்குக் கெழக்கால, ஒரு நாளும் மாறுனதில்லன்ன. மிஷின் ஒழுங்கா ஓடுதுங்கறதுக்கு அத ஒரு சாட்சியா சொன்ன. இப்ப எண்ணிப் பாரு. ஏழுக்கும் ஏழுக்கும் நடுவுல எத்தன திருப்பு வரணும்?"

"ஒம்போது, பன்னெண்டு, மூணு, ஆறு. நாலு."

"மேக்கால இருக்கற தட்டு நாலு தரம் திரும்புனா எங்க வந்து நிக்கும்?"

கிரேஸ் உள்ளங்கையைத் தட்டுபோல வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்தாள். கிழக்கு, மேற்கு, கிழக்கு, மேற்கு. கை அப்படியே நின்றது. "மேக்காலயே வந்து நிக்கும்."

"ஆனா தெனம் கெழக்கால நிக்குது. அப்ப நாலு தரம் திரும்பவே இல்ல. ஒரு தரமோ மூணு தரமோதான் திரும்பியிருக்குது."

"அதான் அமத்தி வெச்சிருக்கா!" என்றான் சுபாஷ்.

"ஒரு ஆளு அமத்துனா ஒரு நாளு நேரம் தப்பும், ஒரு நாளு மறந்துபோவும், ஒரு நாளு காச்ச வந்து படுத்துடும். கணக்கு மாறி மாறி வரும். இது இருபத்தேழு நாளா ஒரே மாதிரி. ரங்கம்மாள் வேலையில இருந்தப்பவும் அப்பிடித்தான், நின்னு ஆறு நாளானப்பறமும் அப்பிடித்தான். மனுஷங்க கைக்கு அவ்வளவு ஒழுங்கு கெடையாதுப்பா. இது மிஷின் தானா செய்யற வேல."

"நான் அப்பிடி எழுதலியேங்க" என்றாள் டயானா, அழாத குறையாக.

"அண்ணி உனக்கு இன்னா எழுதச் சொன்னாங்க?"

டயானா செல்போனை எடுத்துத் தேடினாள். ஒரு மாதத்துக்கு முன்பு கிரேஸ் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. "சத்தமா படி" என்றார் செல்வி.

"தட்ட மூணு மணிக்கு," என்று ஒரு மூச்சு நிறுத்தி, "ஒருக்கா திருப்பணும், மறக்காம வை" என்று படித்தாள் டயானா.

செல்வி போனை வாங்கிக் கிரேஸிடம் நீட்டினார். "இப்ப நீ படி."

"தட்ட மூணு மணிக்கொருக்கா திருப்பணும்..." கிரேஸ் பாதியிலேயே நின்றுவிட்டாள். திரையில் இருந்த எழுத்தை மறுபடி பார்த்தாள். டயானாவைப் பார்த்தாள்.

"அதே எழுத்துதான்" என்றார் செல்வி. "வாயால சொல்றப்ப நீ சேத்து சொல்ற. மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம். தட்டச்சு பண்றப்ப நடுவுல எடம் வுட்டுட்ட. இவ அதப் பிரிச்சிப் படிச்சிட்டா. மூணு மணிக்கு, ஒரே ஒரு தரம். இவமேலயும் தப்பு சொல்ல முடியாது. எங்கிட்ட மனு எழுத வர்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் இப்பிடி வந்து மாட்டறாங்க."

"மத்தியான வெயிலுக்கு அப்பறம் முட்டைய ஒரு தரம் திருப்பணும் போலன்னு நெனச்சேன் அண்ணி" என்றாள் டயானா மெல்ல. "கேட்டிருக்கணும். மொத புரோகிராம், கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுடுவீங்களோன்னு..."

"நானும் இந்த 03:00-ஐ பாத்து மூணு மணி நேரம்னு நெனச்சிக்கினேன்" என்றாள் கிரேஸ். "ஞாயித்துக்கெழம வந்து நின்னேனே, அதுவும் மூணு மணிக்கா வந்து நிக்கணும்!"

சுபாஷ் தலையைச் சொறிந்தான். "இருங்கக்கா. ஒரே ஒரு தரம்னா விடியக்கால சத்தம் இன்னாது? அது யாரு?"

"நல்லா கேட்ட" என்றார் செல்வி. சுபாஷ் அந்த ஒரு பாராட்டை ஒரு மாதம் வைத்திருந்து சொல்லிக்கொண்டிருந்தான். "நாளுக்கு ஒரே தரம்னா இன்னிக்கிக் காலையில மேக்கால இருந்தது நாளைக்கிக் காலையில கெழக்கால இருக்கணும். தெனம் காலையில மேக்காலதான். அப்ப நாளுக்கு ரெண்டு தரம் திரும்புது. பகல்ல ஒண்ணு, இருட்டுல ஒண்ணு. டயானா, உன் புரோகிராமுக்கு மத்தியானம் மூணுக்கும் விடியக்கால மூணுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

டயானா சடாரென்று திரையின் பக்கம் திரும்பினாள். வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "பன்னெண்டு மணிக் கணக்குல வெச்சிருக்கேன். காலையா சாயந்திரமான்னு பாக்கச் சொல்லவே இல்ல. ரெண்டுமே அதுக்கு 03:00 தான்."

"கொளஞ்சியப்பன் அண்ணன் கேட்டது அந்த மோட்டார் சத்தந்தான். பூட்டுன ஷெட்டுக்குள்ள யாரும் பூரல. ரங்கம்மாள் அஞ்சாம் நாளு வந்து சொன்னது அத்தனையும் நெசம். ஒம்போதுக்குப் பாத்திருக்காங்க, பன்னெண்டுக்குப் பாத்திருக்காங்க. தட்டு நின்ன எடத்துலயே நின்னிருக்குது."

கிரேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவமானம் தாங்கவில்லை அவளுக்கு. தெருக்குழாயடியில் தான் போட்ட சத்தமும், குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போன ரங்கம்மாளின் முதுகும் கண் முன்னால் வந்தன. பிறகு திடீரென்று நிமிர்ந்தாள்.

"முட்ட! இப்ப உள்ள இருக்கறது ஆறாம் நாளு. டயானா, இப்பவே திருப்பு."

"இப்பவே திருப்பற பட்டன் வெக்கலியே அண்ணி. மாத்தி எழுதணும், ஒரு மணி நேரமாவது ஆவும்."

நெம்புகோல் மிஷின் பக்கவாட்டில்தான் இருந்தது. கிரேஸ் அதன்மேல் கையை வைத்தாள்; ஆனால் அழுத்தவில்லை. எவ்வளவு அழுத்தினால் தட்டு பதமாகச் சாயும், எங்கே போனால் வெடுக்கென்று விழுந்து முட்டை உடையும் என்று அவளுக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் ஒரு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

"அக்கா, அந்தத் தாளு இருக்குதா? அதுலயே ரங்கம்மாளுக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுங்க. நேர்ல போயி நிக்க எனக்கு மூஞ்சி இல்ல."

செல்வி பையிலிருந்த தாளை எடுத்தார். 'பெறுநர்' என்பதற்குக் கீழே இன்னும் காலியாகவே இருந்தது. அதை நாலாகக் கிழித்தார்.

"எழுதினதுலதான்மா இவ்வளவு வெனையும். போயி வாயால சொல்லு."

ரங்கம்மாளின் வீடு இரண்டு தெரு தள்ளி. கிரேஸ் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். கிரேஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் ஒளிக்காமல்.

கேட்டு முடித்த ரங்கம்மாள், "மணி இன்னா ஆவுது?" என்றாள்.

"பன்னெண்டரை."

"ஒம்போது மணித் திருப்பு?"

கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆறு மணித் திருப்பு?"

ரங்கம்மாள் கையிலிருந்த புளியை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். "நீ சொன்ன சொல்ல அப்பறம் பேசிக்கலாம். பேசாம வுடுவேன்னு நெனைக்காத. இப்ப நட."

ஷெட்டுக்குள் வந்தவள் நேராக மிஷினிடம் போனாள். நெம்புகோலைப் பிடித்து, கண்ணாடி வழியே தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறக்கினாள். ஐநூற்று எண்பது முட்டைகளும் சத்தமில்லாமல் கிழக்கே சாய்ந்தன. டயானா அன்று அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு முன்பே மாற்றி எழுதிவிட்டாள். சரியாக மூன்று மணிக்கு மோட்டார் கிர்ர்ரென்று ஓடித் தட்டு மேற்கே திரும்பியது. சுபாஷ் கைதட்டினான்.

"இதுக்கு ஏம்பா தட்ற?" என்றாள் ரங்கம்மாள். "மூணு மணிக்கு இது எப்பவுந்தான் திரும்பும். ஆறு மணிக்குத் திரும்பட்டும், பாக்கறேன்."

கடைசியில் எல்லோரும் ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்தார்கள். செல்விகூட எழுந்து போகவில்லை. ஆறு அடித்தது. மோட்டார் ஓடியது. தட்டு கிழக்கே சாய்ந்தது. டயானா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

ரங்கம்மாள் கடைசித் தட்டு வரை குனிந்து பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிரேஸின் பக்கம் திரும்பினாள்.

"செரி, இது முடிஞ்சிது. இப்ப சொல்லு. அன்னிக்கி திருடின்னு எங்க வெச்சி சொன்ன?"

"கொழாயண்ட" என்றாள் கிரேஸ்.

"ஆறு மணிக்குத் தண்ணி வுடுவான். எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

கிரேஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். ரங்கம்மாள் பின்னால் போனாள். சுபாஷும் கிளம்பினான், செல்வி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார்.